கல்யாண வீட்டில் அன்றாட அடுப்பு

முகூர்த்தத்தன்று 500 இலைக்குச் சமைக்க ஆள் பேசியாகிவிடும். மாப்பிள்ளை அழைப்புக்கு என்ன டிபன், சாப்பாட்டில் எத்தனை பொரியல், பாயசம் பாலா பருப்பா என்று பல தடவை உட்கார்ந்து பேசி முன்பணமும் கொடுத்தாகிவிடும். அதற்கு முந்தைய ஒரு மாதம் வீட்டில் யார், என்ன, எவ்வளவு சமைப்பது என்பதைப் பற்றி மட்டும் எந்த வீட்டிலும் பேச்சு வராது. ஆனால் கல்யாணத்தன்று மணப்பெண்ணின் அம்மா காய்ச்சலோடு மேடையில் நிற்பதும், அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக்கிடப்பதும் பெரும்பாலும் இந்த ஒரு மாதச் சாப்பாட்டால் வருகிற வினைதான்.

இந்த நாட்களில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று காலையில் சொல்ல முடியாது. நகைக்கடைக்குப் போனவர்கள் இரண்டு மணிக்கும் வரலாம், ஐந்து மணிக்கும் வரலாம். வழக்கமாகச் சமைப்பவரே வெளியில் இருப்பார். அத்தையோ சித்தியோ வந்து அடுப்பைப் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு வேளையும் முதலிலிருந்து சமைக்கும் பழக்கத்தை ஒரு மாதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். பாதி வேலை முடிந்த பொருள்கள் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். யார் வந்து கரண்டி பிடித்தாலும் அரை மணியில் சாப்பாடு ஆக வேண்டும். டப்பாக்களில் பேர் எழுதி ஒட்டுவது பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மல்லிப்பொடிக்கும் சாம்பார்ப் பொடிக்கும் வித்தியாசம் தெரியாமல் பெரியம்மா ஒரு கரண்டி அள்ளிப் போட்ட பிறகு யாரும் சிரிப்பதில்லை.

முதலில் மாவு. கல்யாண வீட்டைத் தாங்குவது இட்லி மாவுதான். 1 கிலோ இட்லி அரிசிக்கு 250 கிராம் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். இதில் நடுத்தர அளவில் 70 முதல் 80 இட்லி வரும். ஆளுக்கு நான்கு என்றால் 18 பேர். 2 லிட்டர் கிரைண்டரில் ஒரு தடவைக்கு இதற்கு மேல் போடாதீர்கள். கூட்டம் வருகிறது என்று ஒன்றரை கிலோ போட்டால் கல் சுற்றும், அரிசி நசுங்காது, மோட்டார் சூடேறி மாவும் சூடாகும். சூடான மாவு பொங்குவதற்கு முன்பே புளிக்கும். அரிசி 4 மணி நேரம் ஊறலாம். உளுந்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் போதும்; வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஊறவைத்து, அந்தக் குளிர்ந்த நீரையே தெளித்து அரைமணிக்குக் குறையாமல் ஆட்ட வேண்டும்.

கல்யாணம் எந்த மாதம் என்பதைப் பொறுத்து மாவின் கணக்கு மாறும். தை, மாசியில் பொங்குவதற்கு 12 மணி நேரம்கூட ஆகும். மாலையில் அரைத்தால் காலையில் தயார். சித்திரை, வைகாசியில் ஆறேழு மணி நேரத்திலேயே தூக்குப்பாத்திரத்தைத் தாண்டி வழிந்துவிடும். அந்த மாதங்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் அரைப்பது நல்லது. ஒரு சின்ன உத்தி: அரைத்த மாவை இரண்டு பாத்திரத்தில் பிரியுங்கள். ஒன்றை வெளியில் வைத்துப் பொங்கவிடுங்கள். மற்றதைப் பொங்கவிடாமல் அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டாம் நாள் இரவு வெளியே எடுத்துவையுங்கள். குளிர் இறங்கிப் பொங்கி வருவதற்குள் விடிந்துவிடும். மூன்று நாளும் இட்லி பூப்போல வரும். எல்லாவற்றையும் பொங்கவிட்டு ஃப்ரிட்ஜில் திணித்தால் மூன்றாம் நாள் தோசைக்குக்கூட வாய் கூசும். அப்படிப் புளித்துவிட்டால் வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு கைப்பிடி அரிசி மாவு சேர்த்துக் குழிப்பணியாரமாக ஊற்றிவிடலாம்.

மாவு தீர்ந்த நேரம் பார்த்துத்தான் வேனில் எட்டுப் பேர் வந்து இறங்குவார்கள். அதற்கு வறுத்த ரவை. 2 கிலோ ரவையை வாசம் வரும் வரை, நிறம் மாறாமல் வறுத்து, செய்தித்தாளில் பரப்பி முழுக்க ஆறிய பின் டப்பாவில் போட்டுவையுங்கள். அரைக் கிலோவில் ஏழெட்டுப் பேருக்கு உப்புமா ஆகும். ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், கொஞ்சம் தளர்வாக வேண்டுமானால் மூன்று. கல்யாண வீட்டில் உப்புமாவா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களும் இரண்டாம் தடவை வாங்கிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறோம்.

மதியச் சாப்பாட்டுக்கு அடித்தளம் வெந்த பருப்பு. 500 கிராம் துவரம்பருப்பை மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மொத்தமாக வேகவைத்துக் கடைந்து, உப்புப் போடாமல் இரண்டு டப்பாவில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். குக்கரில் பருப்பும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. நுரைத்து விசில் துளையை அடைப்பது இதில்தான். ஒரு டப்பா பத்துப் பேர் சாம்பாருக்கு ஆகும், அதற்குப் புளி 50 கிராம். இன்னும் நான்கு பேர் வந்துவிட்டால் பலரும் சாம்பாரில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றுவார்கள். ஊற்றாதீர்கள். இரண்டு கரண்டி வெந்த பருப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து, அரை ஸ்பூன் பொடி, கொஞ்சம் உப்போடு கொதிக்கவிட்டுச் சேருங்கள். நீட்டியது யாருக்கும் தெரியாது.

சோறு கணக்கு இன்னும் சுலபம். வீட்டுச் சாப்பாட்டில் 1 கிலோ அரிசி எட்டு ஒன்பது பேருக்கு வரும். உத்தேசமாக எல்லாருக்கும் ஒரே தடவையில் வடித்து வைப்பதுதான் வீணாகிறது. கட்டாயம் இருப்பவர்களுக்கு மட்டும் முதல் உலை. இரண்டாவது உலைக்கு அரிசியைக் களைந்து ஊறவைத்து மட்டும் வையுங்கள். ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடுப்பில் ஏற்றினால் அவர்கள் கைகால் கழுவித் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வெந்துவிடும். ஆள் வராவிட்டால் ஊறிய அரிசி இரவுத் தோசைக்கோ அடைக்கோ போகும். வடித்து மீந்து, சித்திரை வெயிலில் சூட்டோடு மூடி அடுப்படியிலேயே வைத்த சோறு மாலைக்குள் நூல் விடும். அதை எலுமிச்சம்பழம் பிழிந்து மறுநாள் காலை டிபனாக்குவது இந்த மாதத்தில் வேண்டாத வீரம். கல்யாண வீட்டில் ஒருவருக்கு வயிறு கெட்டால் வரிசையாக நாலு பேர் படுப்பார்கள்.

கைகொடுக்கும் இன்னொன்று புளிக்காய்ச்சல். கோயிலுக்கும் துணிக்கடைக்கும் பத்திரிகை வைக்கவும் போகிறவர்களுக்கு இதைவிட நம்பிக்கையான கட்டுச்சோறு இல்லை. 250 கிராம் பழம்புளியைச் சுடுநீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். 200 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, 20 வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் போட்டுப் புளிக்கரைசலை ஊற்றி, நிதானமான தீயில் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மிதக்கும் வரை காய்ச்ச வேண்டும். இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு ஸ்பூன், மல்லி இரண்டு ஸ்பூன், நெல்லிக்காய் அளவு வெல்லம். 2 கிலோ அரிசிச் சோற்றுக்கு இது போதும். எண்ணெய் பிரியும் முன் அவசரப்பட்டு இறக்கினால் புளியில் பச்சைத் தண்ணீர் நின்று பத்து நாளில் பூசணம் பிடிக்கும். நிலக்கடலையைக் காய்ச்சலில் போடாமல் கிளறுகிற அன்று போடுங்கள். முன்பே போட்டால் ஊறிச் சவசவத்துப்போகும். சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவைத்து, உதிராக இருக்கும்போதுதான் கிளற வேண்டும். தயிர்சாதம் கட்டுவதானால் குழைந்த சோற்றில் பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு ஸ்பூன் மட்டும் விடுங்கள். போய்ச் சேருவதற்குள் அதுவே உறைந்திருக்கும். தேங்காய்ச்சாதம், தேங்காய்ச் சட்னி இரண்டும் வெயிலில் பயணத்துக்கு ஆகாது.

சாம்பார்ப் பொடியை வழக்கத்தைவிட இரட்டிப்பாக மில்லில் அரைத்துவிடுங்கள்: மல்லி 1 கிலோ, மிளகாய் அரைக் கிலோ, மற்றவை உங்கள் வீட்டுப் பழக்கப்படி. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு இருந்தால் இரவுக்குக் கவலையில்லை. மில்லிலிருந்து வந்த பொடியைச் சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள்; மூடியில் வேர்த்து, கட்டி கட்டியாகி வாசம் போய்விடும்.

காப்பிக்கு வருவோம். இந்த ஒரு மாதத்தில் வீட்டுக்குள் கால் வைக்கிற ஒவ்வொருவருக்கும், டெய்லர் உட்பட, காப்பி கொடுத்தாக வேண்டும். 1 லிட்டர் பாலில் எட்டு முதல் பத்து டம்ளர் வரும். பத்து டம்ளருக்கு 100 கிராம் பொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பில்டரில் பொடியைப் போட்டு லேசாகத் தட்டினால் போதும். அழுத்திவிட்டால், அதுவும் சிக்கரி கலந்த பொடியானால், டிகாஷன் இறங்காது. இறங்கவில்லையே என்று கரண்டியால் கிளறினால் வண்டலோடு மொத்தமும் இறங்கிவிடும். ராத்திரி படுக்கும் முன் ஒரு பில்டர் போட்டு, விழுந்த டிகாஷனை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலை ஐந்து மணிக்குப் பூக்காரருக்கும் காப்பி கிடைக்கும். டிகாஷனை நேராக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கசந்துபோகும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தோடு இறக்கிச் சூடாக்குங்கள். காலையில் காய்ச்சி மீந்த பாலோடு மாலைப் பாலைச் சேர்த்துக் காய்ச்சினால், பழையது திரிந்து புதியதையும் திரித்துவிடும். காப்பியைச் சர்க்கரை போடாமல் கலந்து, சர்க்கரையைக் கிண்ணத்தில் தனியாக வைத்துவிடுங்கள். இன்றைக்கு வருகிற உறவினரில் பாதிப் பேருக்கு அதுதான் வசதி, கேட்கவும் கூச்சப்படுவார்கள்.

பத்திரிகை வைக்கப் போகிறவர்களின் பாடு தனி. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்துவிட்டு உறவுமுறையாகக் கிளம்பினால் ஒரு நாளைக்குப் பத்து வீடு. ஒவ்வொரு வீட்டிலும் கேசரியோ மிக்சரோ பஜ்ஜியோ, ஒரு காப்பி. வேண்டாம் என்றால் மனத்தாங்கல். இரவு எட்டு மணிக்கு வரும்போது வயிறு நிறைந்திருக்கும், ஆனால் சாப்பிட்ட திருப்தி இருக்காது. அப்போது பூரி, சப்பாத்தி, குருமா என்று ஆரம்பித்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், நீர்மோர். இவ்வளவுதான் அந்த இரவுகளுக்கு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாம்பாளப் பையிலேயே குங்குமச்சிமிழுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். மதியச் சாப்பாட்டை மட்டும் எந்த வீட்டில் என்று முதல் நாளே சொல்லிவிட்டால், சாப்பிடும் நேரம் தவறாது, அவர்களுக்கும் ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும்.

முகூர்த்தக்கால் நட்ட பிறகு பல வீடுகளில் அசைவம் கிடையாது, கறிவிருந்து கல்யாணத்துக்கு அப்புறம்தான். முட்டையும் மீனும் பழகிய வீட்டில் உடனே வருகிற கேள்வி, வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு டப்பாவில் என்ன வைப்பது என்பது. இரவு 250 கிராம் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறப்போடுவதை வழக்கமாக்கிவிடுங்கள். காலையில் சுண்டலாகவோ குழம்பாகவோ ஆகும்.

சீர் பலகாரத்தைப் பற்றி ஒரு கருத்து உண்டு. கை முறுக்கை வெளியில் கொடுத்துவிடுங்கள். அது விரல் வேலை. இடுப்பு ஒடிய உட்கார்ந்து சுற்றும் பாட்டிமார்கள் வீட்டில் இல்லையென்றால் முயற்சியே வேண்டாம். லட்டும் அப்படித்தான். வீட்டில் செய்யத் தகுந்தது அதிரசம், ஏனென்றால் மாவைப் பல நாள் முன்பே கிளறி வைத்துவிடலாம், புளிக்கப் புளிக்க அது நன்றாகவே ஆகும். 1 கிலோ மாவுப் பச்சரிசியை ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் நிழலில் உலர்த்த வேண்டும். கையில் அள்ளினால் ஈரம் ஒட்ட வேண்டும், தண்ணீர் படியக் கூடாது. அந்த நிலையில் இடித்தோ அரைத்தோ சலிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த அரிசியில் அதிரசம் வராது. 750 கிராம் பாகு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் விரலால் உருட்ட வரும் பதத்தில் இறக்கி, ஏலக்காயும் சுக்கும் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். கடைசி இரண்டு கை மாவை நிறுத்திவையுங்கள். பார்க்கத் தளர்வாக இருப்பதுதான் சரி, ஆறும்போது இறுகும். மேலே நெய் தடவி மூடி, ஒரு நாளாவது கழித்து ஒன்று தட்டிப் போட்டுப் பாருங்கள். எண்ணெயில் பிரிந்து உதிர்ந்தால் பாகு பதம் போதவில்லை. நிறுத்திவைத்த மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். கல்லாக வந்தால் பாகு முற்றிவிட்டது. பால் தெளித்துப் பிசைந்து ஒரு மணி நேரம் விட்டால் ஓரளவு தேறும். தீ அதிகமானால் வெளியில் கருகி உள்ளே மாவாகவே இருக்கும். எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்தால்தான் சீர்த்தட்டில் காகிதம் நனையாது.

கேஸ். நான்கு பேர் குடும்பத்தில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும். கல்யாண மாதத்தில் பாதி நாள்கூட வராது. இரண்டாவது சிலிண்டர் நிரம்பி இருக்கிறதா என்று நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு பாருங்கள். கிடைக்கிற இடத்தில் 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று வாங்கிவைப்பதும், பால் காய்ச்ச ஒரு இன்டக்ஷன் அடுப்பு வைத்துக்கொள்வதும் உதவும். குடிதண்ணீர் பத்துப் பேர் இருக்கும் நாளில் 20 லிட்டர் கேன் இரண்டு ஆகும்.

வீட்டு அடுப்பின் எல்லை 15 இலை. அதற்கு மேல் ஆள் சேரும் நாட்களில், முகூர்த்தக்கால் அன்றும், நலங்கு அன்றும், கல்யாணத்துக்கு முந்தின இரண்டு நாளும், இட்லி பொங்கலோ மதியச் சாப்பாடோ வெளியில் சொல்லிவிடுவது கௌரவக் குறைச்சல் இல்லை. வீட்டில் ரசம், தயிர், காப்பி மூன்றும் இருந்தால் வாங்கிய சாப்பாடும் வீட்டுச் சாப்பாடாகிவிடும். மளிகைச் சாவியும் பால் கணக்கும் ஒருவர் கையில் இருக்கட்டும்; அவர் கல்யாணப் பெண்ணின் அம்மாவாக இருக்க வேண்டாம்.

கடைசி மூன்று நாளில் ஃப்ரிட்ஜ் நம்முடையது இல்லை. மல்லிகைச் சரம், மாலை, வெற்றிலைக் கவுளி, மருதாணிக் கோன் எல்லாம் உள்ளே வரும். பூவோடு வைத்த பாலும் வெண்ணெயும் மல்லிகை வாசம் அடிக்கும். மாவுக்குப் பக்கத்தில் வைத்த பூ புளித்த வாசம் அடிக்கும். பூவுக்குப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாவு நம் வீட்டில் இருக்கட்டும். காய்கறியை நான்கு நாள் முன்பே குறைத்து, மண்டபத்துக்குக் கிளம்பும் மாலையில் அடித்தட்டு காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பால் பாக்கெட்டை நிறுத்தச் சொல்லுங்கள். திரும்பி வரும் நாளுக்கு மட்டும் கட்டாயம் வேண்டும், பால்பழம் கொடுக்க.

மண்டபத்திலும் வீட்டிலிருந்து ஒரு பை போக வேண்டும். கைக்குழந்தைக்குக் கஞ்சிமாவு, ஒரு பிளாஸ்க் வெந்நீர், உப்பு குறைத்துச் சாப்பிடும் பெரியவருக்குத் தனி டப்பா. ஆறு மணி முகூர்த்தம் என்றால் பெண்ணுக்கு மேக்கப் மூன்று மணிக்கே ஆரம்பிக்கும். பட்டுப்புடவை கட்டிய பிறகு சாப்பிட முடியாது, சமையல்காரர் அடுப்பும் அப்போதுதான் சூடாகிக்கொண்டிருக்கும். முதல் நாள் இரவே பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி நாலைந்து கட்டி எடுத்துப் போய், மேக்கப்புக்கு முன் இரண்டையாவது ஊட்டிவிடுங்கள். தாலி ஏறும் வரை விரதம் என்னும் வீடுகளில் பால், வாழைப்பழம். வெறும் வயிற்றோடு ஹோமப் புகையில் உட்காருவதுதான் மயக்கத்துக்கு முதல் காரணம்.

கல்யாணம் முடிந்து மண்டபத்தைக் காலி செய்யும்போது சமையல்காரர்கள் மீந்ததை வாளியில் ஊற்றிக் கொடுப்பார்கள். காலை எட்டு மணிக்கு இறக்கிய சாம்பார் மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அதை ஃப்ரிட்ஜில் வைத்துப் பயனில்லை. தேங்காய் அரைத்த கூட்டு, பாயசம், பொரியல் எல்லாம் அதே கதை. மீந்த சாப்பாட்டை வாங்கிப் போய்க் கொடுப்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். முதல் நாளே சொல்லிவைத்தால் பந்தி முடிந்த கையோடு வருவார்கள். வீட்டுக்கு வர வேண்டியவை இனிப்பு, பொரிக்காத அப்பளம், பிரிக்காத எண்ணெய், நெய், பருப்பு, காய்கறி. சாமான் நம்முடையது, சமையலுக்குக் கூலி மட்டும் என்று பேசியிருந்தால், வாங்கின பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மீதியை எண்ணி வாங்க மாமாவையோ சித்தப்பாவையோ நிறுத்துங்கள். இலைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் அந்த வேலை இல்லை.

தாம்பூலப் பைக்கு வாங்கி மீந்த தேங்காயைக் குடுமியோடு வைத்தால் பல நாள் கெடாது; குடுமியைப் பிய்த்தால் கண் வழியாகக் கெட ஆரம்பிக்கும். பூஜையில் உடைத்த மூடிகளை அன்றே துருவி, ஒரு வேளைக்கு ஆகும் அளவில் பொட்டலமாக்கி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வாசலில் கட்டிய குலைவாழையை அலங்காரக்காரர் எடுத்துப் போகாவிட்டால் அதுவும் நமக்குத்தான். காய் இளசாக, துவர்ப்பாக இருக்கும். மோர் கலந்த தண்ணீரில் வேகவைத்துப் பொரியல் செய்யலாம், அல்லது தணலில் சுட்டு உதிர்த்து வாழைக்காய்ப் பொடி செய்யலாம். பூவின் மேல் மடல்கள் வாடியிருந்தாலும் உள்மடல் நன்றாக இருக்கும். தண்டை உரித்து நறுக்கி மோரில் போட்டால் கறுக்காது. ஒரு மாதமாகப் பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டவர்களுக்கு மறுநாள் அதைக் கூட்டாகச் செய்யுங்கள்.